ஒரு அங்குலத்துக்குள் ஒரு போர்: ஐஸ் ஹாக்கி மட்டையின் பிளேடு



ஹாக்கி என்றால் நமக்குப் பச்சைத் திடல்தான். பள்ளியில் விளையாடியவர்களுக்கு அந்த மட்டையின் தலை கைக்கே தெரியும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். ஐஸ் ஹாக்கி அப்படி இல்லை. அந்த மட்டையின் அடியில் ஒரு நீளமான, மெல்லிய தகடு மாதிரி ஒன்று இருக்கும். அதைத்தான் பிளேடு என்கிறார்கள். அதன் இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம். கத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும்தான் அப்படி.

இந்த விளையாட்டு நமக்கு முழுக்க அந்நியமும் அல்ல. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில்தான் ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் மட்டையின் கதை நடந்தது கனடாவிலும் அமெரிக்காவிலும். அதனால் இந்தப் பாடத்துக்காகக் கொஞ்ச நேரம் அங்கே போக வேண்டும்.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். கம்போசிட் பொருட்களுக்கு விமான இறக்கையைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். எனக்கு என்னவோ இந்த ஒரு முழ நீளம்கூட இல்லாத பிளேடு அதைவிட நல்ல உதாரணமாகப் படுகிறது. இறக்கையை நாம் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பிளேடை எடுக்கலாம், வளைக்கலாம், உடைக்கலாம். அதோடு, இதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். சில சமயம் அடிப்பவர், சில சமயம் எதிரே நிற்கும் கோல்காவலர், சில சமயம் பணம் கட்டும் அப்பா.

முதலில் அளவுகள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்எச்எல், பிளேடின் நீளம் 12.5 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஏறக்குறைய 32 சென்டிமீட்டர். உயரம் 2 முதல் 3 அங்குலம். அது அடிக்கும் பொருள் பந்து அல்ல, பக். கடினமான ரப்பர் வட்டு. குறுக்களவு 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம், எடை 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள், துள்ளக்கூடாது என்பதற்காக. இந்த உறைய வைக்கும் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி தேவைப்படும்.

பிளேடு தண்டோடு சேரும் பக்கத்துக்குக் குதிகால் என்றும் மறுமுனைக்குக் கால்விரல் என்றும் அங்கே பெயர். நான் இங்கே குதிகால், நுனி என்று சொல்கிறேன்.

மரம் தானாகக் கொடுத்த வளைவு

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்ற மாநிலம். அங்கே வாழும் மிக்மாக் பழங்குடி மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹாக்கி மட்டை செதுக்குவதில் பெயர் பெற்றவர்கள். ஹார்ன்பீம் என்ற கடினமான மரத்தில், அடிமரமும் வேரும் சேரும் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே துண்டாகச் செதுக்குவார்கள். ஏன் அந்த இடம்? அங்கே மரத்தின் ரேகை இயற்கையாகவே திரும்புகிறது. நேரான பலகையிலிருந்து வளைவாக வெட்டினால் ரேகை குறுக்கே அறுபட்டு, அந்த முனையில் விரிசல் விழும். ரேகையே வளைந்திருந்தால் பலம் முழுசாக நுனிவரை போகும்.

நம்ம பாட்டன் பூட்டன் காலத்து மரக் கலப்பையும் இப்படித்தான். கலப்பைக்கு மரம் தேடுகிறவர் நேரான மரத்தைப் பார்க்க மாட்டார், கோணலாக வளர்ந்ததைத்தான் தேடுவார். பொறியியல் பட்டம் இல்லாமலே இழையின் திசையைப் புரிந்து வைத்திருந்த மனிதர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். இன்று கார்பன் இழையை எந்தத் திசையில் அடுக்குவது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறோமே, அது அதே கேள்விதான்.

அந்த மட்டைகளை ஸ்டார் மேனுஃபாக்சரிங் என்ற நிறுவனம் 'மிக்மாக்' என்ற பெயரிலேயே விற்றது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. பிளேடைத் தனியாகச் செய்து தண்டில் பொருத்தி ஒட்டினார்கள். மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டினார்கள். பிறகு மேலே கண்ணாடி இழை சுற்றினார்கள். இதெல்லாம் பலத்துக்காக. வடிவம் மட்டும் மாறவில்லை. 1950-கள் வரை பிளேடு பெரும்பாலும் நேராகவே இருந்தது.

கதவிடுக்கில் மாட்டிய மட்டை

சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணியின் ஸ்டான் மிக்கிட்டா பல தடவை சொன்ன கதை இது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு நாள் பயிற்சியின்போது அவருடைய மட்டை ஆட்டக்காரர் பெஞ்சின் கதவிடுக்கில் மாட்டி, பிளேடு விரிசல் விட்டு வளைந்துபோனது. எரிச்சலில் அந்த உடைந்த மட்டையாலேயே ஒரு பக்கை ஓங்கி அடித்தார். பக் போன வேகமும், பலகையில் மோதிய சத்தமும் வேறு மாதிரி இருந்தது. அப்புறம் அவரும் சக ஆட்டக்காரர் பாபி ஹல்லும் பிளேடை வெந்நீரில் ஊறவைத்து, கதவுக்கு அடியில் சொருகி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு வளைக்க ஆரம்பித்தார்கள். பிரம்பு நாற்காலிக்குச் சூடு காட்டி வளைப்பது மாதிரிதான். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் இவர்களுக்கும் முன்பே பிளேடை வளைத்துக்கொண்டிருந்தார். ஆக, இதை யார் கண்டுபிடித்தது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

வளைவு என்ன செய்கிறது? மூன்று விஷயம். உள்ளங்கையைக் குவித்தால் தண்ணீர் நிற்பதுபோல், பக் பிளேடின் குழிவில் நிற்கிறது, நழுவுவதில்லை. இரண்டாவது, பக் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கி உருண்டு வெளியேறுவதால் சுழற்சி கிடைக்கிறது. சுழலும் வட்டு காற்றில் கவிழாமல் தட்டையாகப் பறக்கும். பூங்காவில் ஃபிரிஸ்பீ எறிந்திருந்தால் உங்களுக்கே தெரியும். மூன்றாவது, வளைக்கும்போது பிளேடின் முகம் வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாயும், அதனால் பக் தரையைவிட்டு எழும்பும்.

எழும்பும் என்பதுதான் பிரச்சினை. அந்தக் காலத்தில் பெரும்பாலான கோல்காவலர்கள் முகக்கவசம் போடுவதில்லை. நம்ப முடியுதா? 1959 நவம்பர் 1-ஆம் தேதி, பாத்கேட் அடித்த பக் மாண்ட்ரியால் கோல்காவலர் ஜாக் பிளாண்டேயின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகக்கவசம் இல்லாமல் திரும்ப ஆடமாட்டேன் என்று உறுதியாக நின்றார். அன்றிலிருந்துதான் கவசம் பரவத் தொடங்கியது. ஆனாலும் மெதுவாகத்தான். என்எச்எல்லில் முகக்கவசம் இல்லாமல் நின்ற கடைசி கோல்காவலர் ஆண்டி பிரௌன், அது 1974. அதற்குள் வாழைப்பழம் மாதிரி வளைந்த மட்டைகள் வந்து 10 வருஷம் ஆகிவிட்டது. எங்கே போகும் என்று அடித்தவருக்கே சரியாகத் தெரியாத பக்கை வெறும் முகத்தோடு எதிர்கொண்டவர்கள் அவர்கள். ஹல்லின் பெயரைச் சொல்லும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அடிப்பவருக்கும் இழப்பு உண்டு. ஒரு பக்கம் குழிவு என்றால் மறுபக்கம் குவிவு. அந்தப் புறங்கைப் பக்கத்தால் அடித்தால் பக் வழுக்கிக்கொண்டு ஓடும். நேரான பிளேடு காலத்தில் புறங்கை ஷாட் ஒரு கலையாகவே இருந்தது. வளைவு வந்த பிறகு அது பின்தங்கிவிட்டது.

லீக் தலையிட்டது. 1967-இல் வளைவு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. 1970-இல் அதை அரை அங்குலமாகக் குறைத்தது. 2006-இல் முக்கால் அங்குலமாகத் தளர்த்தியது. இன்றும் அதுதான்.

நாண், வில், அம்பு

இந்த வளைவை எப்படி அளக்கிறார்கள் என்பதில் ஒரு அழகு இருக்கு. பிளேடின் குழிவான பக்கத்தில் குதிகாலிலிருந்து நுனிவரை ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்யுங்க. அந்தக் கோட்டிலிருந்து பிளேடின் மிக ஆழமான இடம்வரை செங்குத்தாக எவ்வளவு தூரம்? அதுதான் வளைவின் அளவு.

தமிழ்க் கணிதத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்றும் சொல்வோம். இது சும்மா வந்த உவமை இல்லை. 5-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஆரியபட்டர் முதலான நம் கணித அறிஞர்கள் சாபம், ஜ்யா, சரம் என்ற சொற்களைப் பயன்படுத்தினார்கள். சாபம் வில், ஜ்யா நாண், சரம் அம்பு. நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை உள்ள தூரம்தான் சரம். அந்த ஜ்யா என்ற சொல் அரபிக்குப் போய் ஜிபா ஆகி, ஜெய்ப் என்று தவறாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது சைனஸ் ஆனது. நாம் கால்குலேட்டரில் அழுத்தும் சைன் அதுதான். ஆக, நடுவர் பிளேடில் அளப்பது ஏறக்குறைய நம் பழைய சரத்தைத்தான்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு. நாணின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, சரத்தின் 8 மடங்கால் வகுத்தால், அந்த வளைவு எந்த வட்டத்தின் துண்டு என்று ஏறக்குறைய தெரியும். சரம் நாணைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கு போதும். வளைந்த பகுதி 280 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் வளைவுக்கு ஆரம் 77 சென்டிமீட்டர். முக்கால் அங்குலத்துக்கு 51 சென்டிமீட்டர். 1967-இல் அனுமதித்த ஒன்றரை அங்குலத்துக்கு வெறும் 26 சென்டிமீட்டர். கப்சாய் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே பிளேடில் பதித்தது மாதிரி.

ஆனால் கவனிங்க. இந்தக் கணக்கு, வளைவு ஒரே சீரான வட்டத்துண்டு என்று நம்பிப் போடப்பட்டது. விதியோ ஆழத்தை மட்டும் கேட்கிறது. அந்த ஆழம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று கேட்கவில்லை. முகம் எவ்வளவு சாய்ந்திருக்கலாம், எங்கே முறுக்கியிருக்கலாம் என்றும் கேட்கவில்லை. வடிவமைப்பாளர்கள் நுழைந்த கதவு இதுதான். ஒரே முக்கால் அங்குலத்துக்குள் பிளேடின் நடுவில் வளைத்தால் ஒரு குணம், நுனியில் வளைத்தால் வேறொரு குணம்.

இன்று கடைகளில் பி88, பி92, பி28 என்று எண் போட்டு விற்கிறார்கள். பி88 நடுவில் வளைந்தது, முகம் அதிகம் சாயாது, பாஸ் கொடுக்கவும் புறங்கைக்கும் பரவாயில்லை. பி92 முகம் திறந்தது, பக் சீக்கிரம் மேலே போகும். பி28-இல் நுனி கொக்கி மாதிரி திரும்பியிருக்கும். பக்கை நுனியில் இழுத்து, உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கையை ஓங்காமலே சுண்டிவிடுகிறவர்களுக்கு அது பிடிக்கும். எதிரி காலை நகர்த்துவதற்குள் பக் போய்விடும். ஆனால் குதிகாலில் வைத்து ஓங்கி அடிக்கிறவருக்கு அதே பி28 தொல்லை. யாருக்கு எந்தப் பிளேடு என்பது கைக்கும் பழக்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம், அவ்வளவுதான்.

அரை அங்குலத்தில் போன கோப்பை

விதி என்று ஒன்று இருந்தால் மீறல் என்றும் ஒன்று இருக்கும். 1993 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று, இரண்டாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் முதல் ஆட்டத்தை வென்றிருந்தது. இதிலும் 2-1 என்று முன்னிலை. ஆட்டம் முடிய 1 நிமிடம் 45 விநாடி. அப்போது மாண்ட்ரியால் பயிற்றுநர் ஜாக் டெமர்ஸ், கிங்ஸ் ஆட்டக்காரர் மார்ட்டி மெக்சோர்லியின் மட்டையை அளந்து பாருங்கள் என்று நடுவரிடம் கேட்டார். வளைவு சரியாக இருந்திருந்தால் தண்டனை மாண்ட்ரியாலுக்கே விழுந்திருக்கும். அளந்தார்கள். அரை அங்குலத்தைத் தாண்டியிருந்தது. மெக்சோர்லிக்கு 2 நிமிடத் தண்டனை. டெமர்ஸ் தன் கோல்காவலரையும் வெளியே எடுத்து 6 பேரை 4 பேருக்கு எதிராக ஆடவிட்டார். தற்காப்பு ஆட்டக்காரர் எரிக் டெஜார்டான் கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 51-வது விநாடியில் அவரே இன்னொன்று போட்டார். முதல் கோலும் அவருடையதுதான். கிங்ஸ் அதற்குப் பிறகு அந்தச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. 4-1 என்று கோப்பை மாண்ட்ரியாலுக்குப் போனது.

நம்ம இளைஞர் முகாமில் இதைப் பட்டிமன்றத் தலைப்பாகக் கொடுத்தால் ராத்திரி சாப்பாடுவரை ஓடும். பீமன் தொடையில் அடித்தபோது பலராமர் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்தக் கோபம் பலருக்கு டெமர்ஸ் மேல் உண்டு. ஜெயிக்கிறவன் ஆடி ஜெயிக்கணும், அளவுகோலால் ஜெயிக்கக்கூடாது என்பார்கள். நான் டெமர்ஸ் பக்கம். பீமன் விதியை மீறினான், டெமர்ஸ் விதியைத்தான் கேட்டார். தப்பாகப் போனால் தன் அணி தண்டனை அனுபவிக்கும் என்று தெரிந்தேதான் கேட்டார். அந்த மட்டையைத் தேர்ந்தெடுத்தது மெக்சோர்லி. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அளவான மட்டையை மாற்றிக்கொள்ள அவருக்கு யாரும் தடை சொல்லவில்லை. உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் முகாமில் பேசுவோம்.

ரொட்டிக்கு நடுவில் கறி

இப்போது பிளேடின் உள்ளே போவோம். ஒரு நல்ல ஆட்டக்காரர் பக்கை மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறார் என்று வைங்க. விநாடிக்கு 40 மீட்டர். (ஸ்டெனோ சாரா 2012-இல் திறன் போட்டியில் மணிக்கு 175 கிலோமீட்டரைத் தொட்டார், ஆகவே நான் மிகைப்படுத்தவில்லை.) ஓங்கி அடிக்கும் ஷாட்டில் பிளேடு பக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய 35 மில்லிவிநாடி. பக்கின் எடை 0.17 கிலோ. 0.17-ஐ 40-ஆல் பெருக்கி 0.035-ஆல் வகுத்தால் சராசரி விசை 194 நியூட்டன். சுமார் 20 கிலோ அரிசி மூட்டையின் பாரம். அது தண்டுக்கு நேராக விழுவதில்லை, குதிகாலிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. அப்படியானால் தண்டை முறுக்கும் திருப்புவிசை சுமார் 29 நியூட்டன் மீட்டர். பிளேடு இதற்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்தாலும் முகம் திறந்துகொள்ளும், பக் கோல் கம்பத்துக்கு மேலே பறந்துவிடும். ஆகவே பிளேடு விறைப்பாக இருக்க வேண்டும். அதே நேரம் எடை இல்லாமலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி.

இதற்குப் பொறியியல் தரும் விடை சாண்ட்விச். வெளியே இரண்டு பக்கமும் கார்பன் இழைத் தோல், நடுவில் எடை குறைந்த ஃபோம். ஒரு தகட்டை வளைக்கும்போது ஒரு மேற்பரப்பு இழுபடும், மறுபரப்பு அமுங்கும், நடுப்பகுதி பெரிதாக எதுவும் செய்யாது. வேலை செய்யாத நடுப்பகுதிக்கு எதற்குக் கனமான பொருள்? ஒரே பொருளில் தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8 மடங்கு கூடும். சாண்ட்விச் அந்தத் தடிமனை ஏறக்குறைய எடையில்லாமல் தருகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு மணிலா அட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வளைத்துப் பாருங்க, சுலபமாக வளையும். அதே இரண்டு அட்டைக்கு நடுவில் ஒரு விரல் தடிமன் பாலிஸ்டிரின் வைத்து நல்லா ஒட்டி, காய்ந்த பிறகு வளைங்க. வித்தியாசம் கைக்குத் தெரியும். பிறகு பசை போடாமல் சும்மா வைத்து வளைத்துப் பாருங்க. பலம் எங்கே போனது? தோலும் ஃபோமும் ஒட்டியிருக்கும்வரைதான் அது சாண்ட்விச். பழைய பிளேடுகள் தொளதொளவென்று ஆவதற்குக் காரணமும் இதுதான். நுனியில் சின்ன விரிசல், அதன் வழியாகத் தண்ணீர், அடுத்தடுத்த அடிகள், ஃபோம் நசுங்கித் தோலிலிருந்து பிரிகிறது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி ஈஸ்டன் நிறுவனத்தின் சினர்ஜி மட்டை வந்தபோதுதான் தண்டும் பிளேடும் ஒரே கம்போசிட் துண்டாக இருக்கும் மட்டை பரவலானது. அதற்கு முன்பு அலுமினியத் தண்டில் மர பிளேடைச் சொருகி ஆடிய காலமும் உண்டு.

கோல்ஃபிலிருந்து கடன் வாங்கியது

2012-இல் சிசிஎம் நிறுவனம் ஆர்பிஇசட் என்ற மட்டையைக் கொண்டுவந்தது. கோல்ஃப் மட்டை செய்யும் டெய்லர்மேடோடு சேர்ந்து வடிவமைத்தது. அப்போது இரண்டுமே அடிடாஸ் குடும்பத்தில் இருந்தன. கோல்ஃப் மட்டையின் மெல்லிய முகம் டிராம்போலின் மாதிரி உள்வாங்கி பந்தைத் திருப்பி உதைக்கும். அந்த யோசனையைப் பிளேடுக்குள் காற்று ஓடும் வெற்றிடங்களாகக் கொண்டுவந்தார்கள்.

யோசனை சுவாரசியமானது. ஆனால் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, காரணம் நேரம். கோல்ஃப் பந்து மட்டையைத் தொடுவது அரை மில்லிவிநாடி அளவுதான். உள்வாங்கிய முகம் திரும்பும் நேரமும் பந்து கிளம்பும் நேரமும் ஒத்துப்போகலாம். பக்கோ அதைப்போல் 70 மடங்கு நேரம் பிளேடோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அது அடி என்பதைவிட எறிதல் என்பதுதான் பொருத்தம். பிளேடின் முகம் உள்ளே போய் வெளியே வந்து அடங்கிய பிறகும் பக் அங்கேயே இருக்கும். போதாததற்குப் பக்கைத் துள்ளாமல் உறைய வேறு வைத்திருக்கிறார்கள். ஷாட்டின் சக்தியைச் சேமித்துத் திருப்பித் தருவது பெரும்பாலும் தண்டு. பக்குக்குக் கொஞ்சம் முன்னால் பனியில் மோதி வில்லாக வளைகிறதே, அதுதான். பிளேடின் முதல் வேலை அந்தச் சக்தியை முறுகிப் போகவிடாமல் பக்குக்குக் கொண்டு சேர்ப்பது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஓட்டை போடும் யோசனை. ரீபோக் தண்டில் வரிசையாக ஓட்டை விட்டது. பிறகு வந்த சில மட்டைகளில் பிளேடு பக்கத்திலும் ஓட்டைகள் வந்தன. காற்றுத் தடை குறையும் என்பது விளம்பரத்துக்கு நல்ல வரி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 30 மீட்டரில் போகும் முழு பிளேடுக்கே காற்றுத் தடை 14 நியூட்டன் போலத்தான் வருகிறது. அதில் சின்ன ஓட்டைகள் எவ்வளவு குறைத்துவிடும்? உண்மையான லாபம் எடையில்தான் இருக்கு. மேல் கையிலிருந்து பிளேடு 1.4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், அங்கே குறைக்கும் 10 கிராம், பாதித் தூரத்தில் குறைக்கும் 40 கிராமுக்குச் சமம். சுழற்றும்போது தூரத்தின் வர்க்கம் அல்லவா கணக்கில் வரும். ஆனால் எந்தத் தகட்டிலும் ஓட்டை போட்டால் அதன் ஓரத்தில் இழுவிசை குவியும். சாதாரண உலோகத் தகட்டில் வட்ட ஓட்டையின் ஓரத்தில் 3 மடங்கு. கார்பனில் இழையின் திசையைப் பொறுத்து அதைவிட மோசமாகலாம். அதனால் இழைகள் ஓட்டையைச் சுற்றி வளைந்து போகும்படி அமைக்க வேண்டும். மிக்மாக் மக்கள் வேர்முனையைத் தேடிப் போன அதே காரணம்.

உடையும் விதம்

மரப் பிளேடு உடையும் முன் சொல்லிவிட்டு உடையும். நார் பிரியும், சத்தம் மாறும். கார்பன் சொல்லாது. எதிரியின் மட்டை ஒரு தடவை குறுக்கே வெட்டியிருக்கும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அடுத்த ஷாட்டில் சட்டென்று இரண்டாகிவிடும். கோல் முன்னால் தனியாக நின்று ஓங்கி அடிக்கும் வேளையில் மட்டை உடைந்து, பக் அப்படியே கிடக்க, எதிரணி எடுத்துக்கொண்டு ஓடும் காட்சியை என்எச்எல் பார்ப்பவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

தொழில்முறை ஆட்டக்காரருக்கு அணியே மட்டை வாங்கித் தரும். வளரும் பிள்ளைக்கு? உயர்தர மட்டை ஒன்று 300 அமெரிக்க டாலருக்கு மேல். நம்ம காசில் ஆயிரம் ரிங்கிட்டைச் சாதாரணமாகத் தாண்டும். உடைந்தால் குப்பைதான், கார்பனையும் ரெசினையும் பிரித்து மறுபடி பயன்படுத்துவது சுலபமில்லை. மட்டை 50 கிராம் இலேசானால் 12 வயதுப் பையனின் ஷாட் எவ்வளவு மாறும் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. மரத்தில் ஆடிய தலைமுறைதான் மிக்கிட்டாவும் ஹல்லும்.

ஒரு சின்ன வேடிக்கை. இத்தனை ஆராய்ச்சி செய்து, அச்சில் வார்த்து, பளபளவென்று வரும் கார்பன் பிளேடை வாங்கியதும் ஆட்டக்காரர் முதலில் செய்வது என்ன தெரியுமா? துணி டேப்பைச் சுற்றி முழுசாக மூடிவிடுவார். வழுக்கும் கார்பனைவிட சொரசொரப்பான துணியில் பக் நல்லா பிடிக்கும், பாஸ் வாங்கும்போது அதிர்வும் குறையும். பனி ஒட்டாமலிருக்க மேலே கொஞ்சம் மெழுகு. சில வெள்ளிக் காசு டேப் இல்லாமல் அந்த ஆயிரம் ரிங்கிட் பிளேடு சரியாக வேலை செய்யாது.

கடைசியாக ஒரு செய்முறை. ஐஸ் மட்டை கிடைக்காதவர்கள் வீட்டிலோ பள்ளியிலோ இருக்கும் திடல் ஹாக்கி மட்டையை எடுங்க. அதில் பிளேடு கிடையாது, ஆனால் தண்டிலேயே ஒரு வளைவு உண்டு, அதற்கும் உலக ஹாக்கிச் சம்மேளனம் 25 மில்லிமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறது. மட்டையின் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி சமமான மேசையில் வைங்க. மேசைக்கும் மட்டைக்கும் நடுவில் மிக அதிக இடைவெளி எங்கே என்று பாருங்க. அங்கே அடிக்கோலை நிறுத்தி அளந்து எழுதிக்கொள்ளுங்க. அந்த இடம் கைப்பிடிக்குப் பக்கமா, தலைக்குப் பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்க. இரண்டு மூன்று பிராண்டை அளந்தால் இடம் மாறுவது தெரியும். எங்காவது 25-ஐத் தாண்டினால், அடுத்த ஆட்டத்துக்கு முன்பே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்க. எதிரணிப் பயிற்றுநர் அளவுகோலோடு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.